போர்ட்லண்டில் சைக்கிள், வீட்டு பீர், மரவேலை: மூன்றும் ஒன்றாக நடக்குமா?

கேட்டவரின் நிலை இது: ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டுக்கு வேலை மாற்றலாகி வந்து சில மாதங்கள் ஆகின்றன. வாடகை வீடு நகரின் தென்கிழக்கே இருக்கிறது; அலுவலகம் வில்லமெட் ஆற்றுக்கு மேற்கே நகர மையத்தில்; இடையே ஐந்து மைல். உடன் பணிபுரிபவர்கள் சைக்கிளில் வருகிறார்கள், வீட்டில் பீர் காய்ச்சுகிறார்கள், கராஜில் மரவேலை செய்கிறார்கள். முழுநேர வேலையில் இருப்பவர் இவற்றை எப்படிச் சமாளிப்பது, எட்டு மாத மழையில் சைக்கிள் ஓட்ட முடியுமா, வீட்டில் பீர் காய்ச்சச் சட்டம் இடம் தருகிறதா, எதில் தொடங்குவது என்பவை அவருடைய கேள்விகள்.

சமாளிக்க முடியும். ஆனால் இவற்றை வெளியிலிருந்து பார்க்கும்போது கண்ணில் படுவது சிறு பகுதிதான். பீர் காய்ச்சுவதில் பாதிக்கு மேல் பாத்திரமும் பாட்டிலும் கழுவும் வேலை. மழை ஊரில் சைக்கிள் வைத்திருப்பது என்றால் செயினைத் துடைத்துக்கொண்டே இருப்பது. மரவேலை என்றால் உளி தீட்டுவது. ஆர்வம் இருந்தும் ஒரே ஆண்டில் விட்டுவிடுகிறவர்கள் பெரும்பாலும் நேரம் இல்லாமல் விடுவதில்லை; இந்தச் சில்லறை வேலைகள் சலித்துப்போய் விடுகிறார்கள். ஆகவே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது வாரத்தில் எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்பதல்ல, கழுவுவதும் துடைப்பதும் தீட்டுவதும் உங்களுக்குப் பிடிக்குமா என்பதுதான். பிடிக்கும் என்றால் மேலே படிக்கலாம்.

சைக்கிளில் தொடங்குங்கள். ஐந்து மைல் தூரம் நிதானமாக மிதித்தால் அரை மணி நேரம். நெரிசல் வேளையில் கார் எடுத்து, பாலம் கடந்து, நிறுத்த இடம் தேடும் நேரமும் ஏறக்குறைய அவ்வளவே. அதாவது புதிதாக நேரம் ஒதுக்கத் தேவையில்லாத ஒரே வேலை இது. மேலும் இந்த ஊர் அதற்காகவே நெடுநாளாகத் தயாராகி வந்திருக்கிறது. டாம் மெக்கால் ஆளுநராக இருந்த 1971ஆம் ஆண்டில் ஓரிகன் சட்டமன்றம் நிறைவேற்றிய ஒரு சட்டம், மாநிலமும் நகரங்களும் பெறும் நெடுஞ்சாலை நிதியில் குறைந்தது ஒரு சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளில் செல்பவர்களுக்கும் செலவிட வேண்டும் என்றும், சாலையைப் புதிதாக அமைக்கும்போதும் திரும்ப அமைக்கும்போதும் அவர்களுக்கு வழிவிட வேண்டும் என்றும் விதித்தது. அதே 1971இல்தான் பீர், குளிர்பானப் பாட்டில்களுக்கு வைப்புத்தொகை வாங்கும் சட்டமும் வந்தது. நாட்டில் அவ்வகைச் சட்டங்களில் அதுவே முதலாவது. பாட்டில் சட்டம் பீர் காய்ச்சுகிறவருக்கு எப்படி உதவுகிறது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

வழியைப் பொறுத்தவரை, கார் வழிகாட்டி காட்டும் பாதையில் சைக்கிளில் போகக் கூடாது. டிவிஷன், பவல் போன்ற பெருந்தெருக்களுக்கு இணையாக ஓரிரு தெரு தள்ளி, வேகத்தடைகளும் சைக்கிள் அடையாளமும் இட்ட அமைதியான குடியிருப்புத் தெருக்கள் உண்டு. தென்கிழக்கில் கிளின்டன் தெருவும் சால்மன் தெருவும் அப்படிப்பட்டவை. கிளின்டன் வழியே வந்தால் திலிக்கம் பாலத்தில் ஆற்றைக் கடக்கலாம். 2015 செப்டம்பரில் திறந்த அந்தப் பாலத்தில் ரயில், பேருந்து, ஸ்ட்ரீட்கார், சைக்கிள், நடப்பவர்கள் ஆகியோருக்கு மட்டுமே இடம். தனியார் கார் ஏற முடியாது. அதில் உள்ள ஒரே தொல்லை, பாலத்துக்கு வருமுன் பதினோராம், பன்னிரண்டாம் தெருக்களின் அருகே குறுக்கிடும் சரக்கு ரயில் பாதை. நீளமான வண்டி ஒன்று வந்து நின்றுவிட்டால் நெடுநேரம் காத்திருக்க நேரும். அலுவலகத்தில் எட்டரை மணிக்கே மீட்டிங் இருக்கும் நாட்களில் சால்மன் வழியே 1910ஆம் ஆண்டின் ஹாதோர்ன் பாலத்துக்குப் போவதே மேல். அதன் இருபுறமும் அகலமான பக்கப்பாதை இருக்கிறது.

மழையைப் பற்றி உள்ள பயம் அளவுக்கு மீறியது. போர்ட்லண்டில் ஆண்டுக்குப் பெய்வது ஏறக்குறைய 900 மில்லிமீட்டர். சென்னையில் அதைவிட மிகுதி, 1,400 அளவில். வேறுபாடு பெய்யும் முறையில் இருக்கிறது. சென்னையில் கார்த்திகை அடைமழையில் ஒரே நாளில் கொட்டித் தீர்ப்பதை, இந்த ஊர் அக்டோபர் முதல் மே வரை தூறலாகப் பிரித்துத் தருகிறது. தலைக்கு மேல் விழும் தூறல் பெரிய துன்பம் அல்ல. உடையை நனைப்பது டயர் கீழிருந்து வாரி இறைக்கும் சேற்று நீர்தான். ஆகவே விலை உயர்ந்த மழைக்கோட்டுக்கு முன்னால் இரு சக்கரங்களையும் நன்றாகப் போர்த்தும் முழுநீள மட்கார்டு வாங்குங்கள். முன் மட்கார்டின் அடியில் தரைக்கு ஒரு சாண் உயரம்வரை தொங்கும் ரப்பர்த் துண்டும் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் காலணி நனையும், செயினும் நனையும். கூடவே 32 முதல் 38 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர், இரண்டு பக்கமும் பை மாட்டும் கேரியர், அலுவலகத்தில் நிரந்தரமாக வைத்துவிடும் ஒரு ஜோடிக் காலணி ஆகியவை போதும். டிசம்பரில் மாலை நாலரைக்கே சூரியன் மறைந்துவிடுவதால், முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பும் சட்டத்துக்காக மட்டும் அல்ல. முற்றிலும் முடியாத நாளில் பேருந்தின் முன்புறத் தாங்கியிலோ மாக்ஸ் என்னும் நகர ரயிலின் கொக்கியிலோ சைக்கிளை ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம். கோடைக் கடைசியில் காட்டுத்தீப் புகை நகரை மூடும் நாட்களுக்கும் அதுவே வழி.

நம் ஊரில் ஓட்டிப் பழகியவர் தனியாகக் கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, இங்கு வண்டிகள் சாலையின் வலப்பக்கம் செல்வதால், குறுக்குச் சாலையில் முதல் ஆபத்து இடப்பக்கமிருந்து வரும். நம் கழுத்தோ பழக்கத்தால் வலப்பக்கம் திரும்பும். இரண்டு, மோட்டார் பைக் ஓட்டிய கைக்கு வலக்கைப் பிடிதான் முன் பிரேக். இங்கு விற்கும் சைக்கிள்களில் இடக்கைப் பிடி முன் பிரேக், வலக்கைப் பிடி பின் பிரேக். அவசரத்தில் மூளை யோசிக்காது, கைதான் பிடிக்கும். எனவே வாங்கியவுடன் ஆளில்லாத இடத்தில் சில மாலைகள் பிரேக் பிடித்துப் பழகிக்கொள்ள வேண்டும். மூன்று, நகர மையத்தில் சாலையோடு சாலையாகப் பதித்திருக்கும் ஸ்ட்ரீட்கார் தண்டவாளம். அதன் பள்ளம் சைக்கிள் டயர் சரியாக விழுந்து மாட்டிக்கொள்ளும் அகலம் உடையது; ஈரத்தில் தண்டவாளத்தின் மேற்பரப்பே வழுக்கும். இயன்றவரை செங்குத்தாக, பிரேக் பிடிக்காமல், கைப்பிடியைத் திருப்பாமல் கடக்க வேண்டும். இணையாக ஓட்டிக்கொண்டே லேன் மாறக் கூடாது. இந்த ஊரில் வேறெதையும் விட அதிகமாகச் சைக்கிள்காரர்களின் தோள்பட்டையை உடைப்பது இதுவாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

சட்டத்தில் ஒரு சலுகையும் உண்டு. 2020 ஜனவரி முதல், ‘ஸ்டாப்’ பலகையில் சைக்கிள்காரர் வேகத்தைக் குறைத்து, முன்னுரிமை உள்ளவர்களுக்கு வழிவிட்டு, முழுதும் நிற்காமலே செல்லலாம். மினுக்காமல் நின்று எரியும் சிவப்பு விளக்குக்கு இது பொருந்தாது. பலர் பொருந்தும் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

செயினுக்கு வருகிறேன். சாலையின் மணல் எண்ணெயோடு கலந்து, நாளடைவில் செயினின் ஊசிகளைத் தேய்த்து, செயினை நீளச் செய்கிறது. நீண்ட செயின் பற்சக்கரங்களையும் கூடவே தின்றுவிடும். ஓர் இணைப்பு ஊசிக்கும் அடுத்ததற்கும் அரை அங்குலம் என்பதால், புதுச் செயினில் இருபத்துநாலு இணைப்புகள் சரியாக 12 அங்குலம் இருக்கும். அங்குல அளவுகோலை ஓர் ஊசியின் நடுவில் வைத்துப் பாருங்கள்: பன்னிரண்டைத் தாண்டி ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு போயிருந்தால் செயினை மாற்ற வேண்டிய நேரம், எட்டில் ஒரு பங்கு போய்விட்டால் பெரும்பாலும் பின்பக்கப் பற்சக்கரத் தொகுதியையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை, வீடு வந்து உள்ளே நுழையுமுன், பழைய துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னோக்கிச் சுற்றித் துடைத்து, உருளைக்கு ஒரு சொட்டாக எண்ணெய் விட்டு, சற்று நேரம் கழித்து மேலே நிற்கும் எண்ணெயையும் துடைத்துவிடுவது பத்து நிமிட வேலை. துடைக்காமல் எண்ணெய் மட்டும் விட்டுக்கொண்டே இருப்பது மணலைச் சேர்த்து அரைப்பதற்குச் சமம். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால் அதே துணியால் ரிம்மையும் துடைத்து, பிரேக் கட்டையில் புதைந்த உலோகத் துகள்களை ஊசியால் எடுத்துவிடுங்கள். புதிதாக வாங்குகிறீர்கள் என்றால் இந்த ஊருக்கு டிஸ்க் பிரேக்கே சரி.

இனி பீர். அமெரிக்காவில் மதுவிலக்கு 1933இல் நீங்கியபோது வீட்டில் ஒயின் செய்ய வழி பிறந்தது, பீருக்குப் பிறக்கவில்லை. ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்ட சட்டம் 1979 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த பிறகே வீட்டு பீருக்குக் கூட்டரசு வரி விலக்குக் கிடைத்தது. வயது வந்தவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 காலன், இருவரோ அதற்கு மேலோ உள்ள வீட்டில் 200 காலன் என்பது வரம்பு, விற்கக் கூடாது. வழக்கமான ஒரு தடவைக்கு ஐந்து காலன், அதாவது 19 லிட்டர் என்பதால், தனியாள் ஆண்டுக்கு இருபது தடவை காய்ச்சலாம். வேலைக்குப் போகிறவர் அதில் பாதியைக்கூட எட்டுவது அரிது. சாராயம் வடிக்க அந்தச் சட்டம் இடம் தரவில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஓரிகனில் இன்னொரு சிக்கல் இருந்தது: மாநிலச் சட்டத்தின் வாசகப்படி வீட்டு பீரை வீட்டை விட்டு வெளியே எடுத்துச் செல்லவே இடமில்லை என்று மதுபான ஆணையம் 2010இல் பொருள்கொண்டதால் மாநிலப் பொருட்காட்சியின் வீட்டு பீர்ப் போட்டி தடைப்பட்டது. 2011இல் சட்டத்தைத் திருத்தி அதைச் சரிசெய்தார்கள். தமிழ்நாட்டில் இதற்கு 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்றும் தடையாக இருப்பதால், இங்கு கற்றதை விடுமுறைக்குப் போன இடத்தில் செய்து காட்ட நினைக்க வேண்டாம்.

பீருக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் அமெரிக்காவில் குறைவு. பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப் பூவில் காஸ்கேட் என்னும் வகை, 1972இல் இதே மாநிலத்து நகரமான கோர்வாலிஸில் இருந்த அரசு வேளாண் ஆய்வுத் திட்டத்திலிருந்து வெளிவந்தது. இன்றைய அமெரிக்க பீரின் எலுமிச்சை, கிச்சிலி வாசனை பெரிதும் அதனோடு வந்ததே. ஈஸ்ட் வளர்த்து விற்கும் வையீஸ்ட் நிறுவனம் ஹூட் ரிவர் வட்டாரத்தில் 1986இல் தொடங்கியது. தென்கிழக்குப் போர்ட்லண்டில் பீர் காய்ச்சும் பொருட்களை விற்கும் ஸ்டைன்பார்ட் கடையோ 1918இல் தொடங்கியது. தண்ணீர் ஹூட் மலையின் பக்கத்திலுள்ள புல் ரன் நீர்ப்பிடிப்புக் காட்டிலிருந்து வருகிறது. உப்புகள் மிகக் குறைந்த மென்னீர். அதில் ஒரே குறை, கிருமி நீக்கக் குளோரினோடு அம்மோனியா சேர்த்துக் குளோரமினாக விடுகிறார்கள் என்பது. அது கொதிக்கவைத்தாலும் எளிதில் போகாது; முளைகட்டி உலர்த்திய தானியமான மால்ட்டோடு சேர்ந்து பீரில் மருந்துப் பிளாஸ்திரியின் வாசனையைக் கிளப்பும். அதை முறிக்கும் கந்தக உப்பான காம்டன் மாத்திரையில் கால் துண்டைப் பொடித்து ஐந்து காலன் தண்ணீரில் கலக்கினால் சில நிமிடங்களில் சரியாகிவிடும்.

முதல் முறை தானியத்தை அரைத்து ஊறவைத்துச் சர்க்கரை பிரித்தெடுக்கும் முழுமுறைக்குப் போக வேண்டாம். அதுதான் உண்மையான காய்ச்சல் என்று வற்புறுத்துவோர் இருப்பார்கள்; நல்ல பீருக்கும் மோசமான பீருக்கும் உள்ள வேறுபாடு, தொடக்க நிலையில், மால்ட் எங்கிருந்து வந்தது என்பதில் இல்லை, சுத்தத்திலும் நொதிக்கும் வெப்பநிலையிலும் இருக்கிறது. மால்ட்டின் சர்க்கரைச் சாற்றை உலர்த்திச் செய்த வெளிர் மால்ட் பொடி 2.7 கிலோ, காஸ்கேட் ஹாப் 85 கிராம், ஏல் வகை ஈஸ்ட் ஒரு பாக்கெட் போதும். சமையலறை அடுப்பில் ஐந்து காலன் கொதிக்காது என்பதால் மூன்று காலன் மட்டும் கொதிக்கவைத்து, மீதியைக் கடைசியில் குளிர்ந்த நீராகச் சேர்க்கலாம். பொடியில் பாதியைத் தொடக்கத்தில் போடுங்கள். போடும்போது அடுப்பை அணைத்துவிட வேண்டும், இல்லையேல் பால் பொங்குவதுபோல் பொங்கி அடுப்பெங்கும் கருகிப் பிடிக்கும். கொதி வந்ததும் ஹாப்பில் மூன்றில் ஒரு பங்கு, ஐம்பதாவது நிமிடம் இன்னொரு பங்கு, அறுபதாவது நிமிடம் அடுப்பை அணைத்தபின் மீதி ஹாப்பும் மீதிப் பொடியும். பிறகு பாத்திரத்தை மூடி, பனிக்கட்டி போட்ட தொட்டியில் இறக்கிக் குளிரவையுங்கள். குளிர்ந்ததை நொதிக்கும் வாளிக்கு மாற்றி, மீதி நீரையும் ஈஸ்டையும் சேர்க்க வேண்டும். தண்ணீரின் அடர்த்தியை 1 என்று கொண்டால், இந்த அளவில் தொடக்க அடர்த்தி 1.053 அளவில் இருக்கும். நொதித்து முடியும்போது 1.012 அளவுக்கு இறங்கினால், இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை 131.25ஆல் பெருக்க, மதுவின் அளவு 5.4 சதவீதம் என்று வரும்.

அடுப்பை அணைத்த நொடியிலிருந்து, பீரைத் தொடும் ஒவ்வொன்றும் கிருமி நீக்கியதாக இருக்க வேண்டும்: வாளி, மூடி, குழாய், அடர்த்திமானி, பாக்கெட்டை வெட்டும் கத்தரிக்கோல் உட்பட. கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. அழுக்குப் படலம் இருக்கும் இடத்தில் கிருமிநீக்கி வேலை செய்யாது. முதலில் காரச் சோப்புப் பொடி கரைத்த வெந்நீரில் ஊறவைத்து அலசிவிட்டு, பிறகு ஸ்டார் சான் போன்ற அமிலக் கரைசலை, ஐந்து காலனுக்கு 30 மில்லி வீதம், எல்லா இடத்திலும் இரண்டு நிமிடம் ஈரமாக நிற்கும்படி பூச வேண்டும். அது நுரைக்கும், நுரையோடே பீரை ஊற்றலாம், அலசத் தேவையில்லை. குழாய்த் தண்ணீரால் அலசினால் செய்த வேலை வீண்.

வெப்பநிலையில் இட்லி மாவு அனுபவம் உங்களைத் தவறான திசைக்குக் கொண்டுபோகும். குளிர்காலத்தில் மாவுப் பாத்திரத்தை விளக்கெரியும் அவனுக்குள் வைத்துப் புளிக்கவைக்கும் வீடுகள் இங்கு நிறைய. மாவுக்கு முப்பது டிகிரி செல்சியஸ் அளவு சூடு பிடிக்கும். பீர் ஈஸ்டுக்கு அந்தச் சூட்டைக் கொடுத்தால் அது அவசரமாக வேலை செய்து, பெயின்ட் கரைப்பானை நினைவூட்டும் வாசனையை விட்டுச் செல்லும். அதற்கு வேண்டியது 18 முதல் 20 டிகிரி. நொதிக்கும் திரவம் தன் சூட்டாலேயே சுற்றுப்புறத்தைவிட மூன்று நான்கு டிகிரி ஏறும் என்பதால் அறை இன்னும் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். இந்த நகரத்துப் பழைய வீடுகளின் அடித்தள அறை, அக்டோபர் முதல் மே வரை, செலவில்லாமல் அதைத் தருகிறது. வாளியை மேசை மேல் வைக்காமல், நீர் நிரப்பிய அகலத் தொட்டியில் நிறுத்தி ஈரமான பழைய பனியனைச் சுற்றிவிட்டால் இன்னும் சில டிகிரி இறங்கும். 2021 ஜூன் 28 அன்று இந்த ஊரில் 116 டிகிரி ஃபாரன்ஹீட் பதிவானதை நினைத்துப் பார்த்தால் ஜூலை, ஆகஸ்டில் காய்ச்சாமல் இருப்பதே அறிவு. அல்லது சூட்டை விரும்பும் சேசோன் வகை ஈஸ்டைப் பயன்படுத்தலாம்.

இரண்டு வாரம் கழித்து, சில நாட்கள் இடைவெளியில் இருமுறை அளந்து அடர்த்தி மாறாமல் இருந்தால் மட்டுமே பாட்டிலில் அடைக்க வேண்டும். ஐந்து காலனுக்குச் சுமார் 120 கிராம் மக்காச்சோளச் சர்க்கரையை நீரில் கொதிக்கவைத்துக் கலந்துவிட்டால், பாட்டிலுக்குள் நடக்கும் சிறு நொதித்தல் வாயுவைத் தரும். நொதித்து முடியாததை அடைத்தாலோ, சர்க்கரையைக் கூட்டினாலோ பாட்டில் வெடிக்கும். கண்ணாடிச் சில்லுகள் சுவரில் பதியும் அளவுக்கு வெடிக்கும். ஒரு தடவைக்கு ஏறக்குறைய ஐம்பது பாட்டில் தேவை. இங்கே 1971ஆம் ஆண்டின் சட்டம் உதவிக்கு வருகிறது. 2017 முதல் பாட்டிலுக்கு வைப்புத்தொகை பத்து சென்ட் என்பதால் ஊரில் யாரும் பாட்டிலைக் குப்பையில் போடுவதில்லை. அலுவலகத்தில் சொல்லிவைத்துப் பாட்டிலுக்குப் பத்து சென்ட் கொடுத்தால் பை பையாகக் கிடைக்கும். பழுப்பு நிறமாக, திருகு மூடி இல்லாததாக வாங்குங்கள். பச்சை, வெள்ளைக் கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே விட்டு ஹாப்பின் கசப்புப் பொருளைச் சிதைத்து நாற வைக்கும். திருகு மூடியின் விளிம்பில் நம் மூடி சரியாகப் பதியாது.

சைக்கிளும் பீரும் சேரும் இடத்தில் ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. ஓரிகனில் மது அருந்தி வண்டி ஓட்டும் குற்றம் சைக்கிளுக்கும் பொருந்தும், இரத்தத்தில் 0.08 சதவீதம் என்ற அதே வரம்பு. வேலை விசாவில் இருப்பவருக்கு இது அபராதத்தோடு முடியும் காரியம் அல்ல. மது அருந்தி ஓட்டியதற்காகக் கைதானாலே விசா ரத்தாகும் வாய்ப்பு உண்டு. 1979 முதல் இயங்கும் ஓரிகன் புரூ குரூ போன்ற வீட்டு பீர்ச் சங்கத்தின் கூட்டத்துக்குச் சைக்கிளில் போனால், திரும்பும்போது சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். தண்டவாளத்தைப் பற்றி மேலே சொன்னதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

நண்பர்களுக்குக் கொண்டுபோகும் பாட்டில்களே உங்களுடைய முதல் மரவேலைக்கு நல்ல காரணம். நிரம்பிய 355 மில்லி பாட்டில் அறுநூறு கிராமை ஒட்டி எடை உள்ளது. பன்னிரண்டு என்றால் ஏழு கிலோ, பெட்டியோடு பத்துக்குள் அடங்கும். நல்ல கேரியர் 25 கிலோ தாங்கும். பாட்டிலின் விட்டம் அறுபத்தோரு மில்லிமீட்டர் அளவில் இருப்பதால் அறைக்கு 65 என்று வைத்து, மூன்றுக்கு நான்காக, ஆறு மில்லிமீட்டர் பிளைவுட் தடுப்புகள் போட்டால் உள்ளளவு 207க்கு 278 மில்லிமீட்டர் வரும். தடுப்புகளில் பாதி உயரத்துக்கு வெட்டுப்போட்டு ஒன்றுக்குள் ஒன்று செருகினால் ஆணியே தேவையில்லை. பக்கப் பலகைக்கு மிசிசிப்பி அவென்யூவிலுள்ள மறுபயன் மரக்கடையில் பழைய வீடுகளிலிருந்து கழற்றிய டக்ளஸ் ஃபர் பலகை மலிவாகக் கிடைக்கும். அறுக்குமுன் புதைந்த ஆணிகளைத் தேடிப் பிடுங்குவது அதன் மறைமுக விலை. ரம்பமும் கிளாம்பும் வாங்க வேண்டியதில்லை. நகரின் பல பகுதிகளில் கருவி நூலகங்கள் உண்டு. அந்தப் பகுதியில் குடியிருப்பவருக்குப் புத்தகம் போலக் கருவிகளை இரவல் தருகின்றன. உளி மட்டும் சொந்தமாக இரண்டு இருக்கட்டும், அவற்றைத் தீட்ட துகளின் நுண்மை எண் ஆயிரம், ஆறாயிரம் உள்ள இரண்டு நீர்க்கல்லும். இருபத்தைந்து பாகைச் சரிவில் தீட்டி, முனையில் மட்டும் முப்பது பாகையில் சில இழுப்புகள் இழுத்தால், ஃபர் மரத்தின் குறுக்கு வெட்டு முகம் நொறுங்காமல் பளபளவென்று வரும். நொறுங்கினால் கையில் குறையில்லை, உளி தீட்டப்படவில்லை.

பெட்டியில் கொண்டுபோன பாட்டிலை உடனே திறக்க வேண்டாம். அடியில் படிந்த ஈஸ்ட் குலுங்கிக் கலங்கியிருக்கும். ஓர் இரவு நிமிர்த்தி வைத்தபின் குளிரவைத்துத் திறக்கச் சொல்லுங்கள்.

மூன்றையும் ஒரே கராஜில் வைக்க நினைப்பதுதான் பெரும்பாலோர் மாட்டிக்கொள்ளும் இடம். ஒன்றின் கழிவு மற்றொன்றின் எதிரி. நனைந்த சைக்கிள் சொட்டும் ஈரத்தில் உளியும் இழைப்புளியும் துருப்பிடிக்கும். அவற்றை எண்ணெய் தடவி மூடிய பெட்டியில் வைக்க வேண்டும். செயின் எண்ணெய் பட்ட விரலால் தொட்ட கோப்பையில் பீரின் நுரை நிற்காது. தானியத் தூளில் பீரைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் இருப்பதால், பின்னாளில் தானியம் அரைக்கத் தொடங்கினால் அதை வெளியே வைத்து அரையுங்கள். மரத்தூளும் நொதிக்கும் வாளியின் பக்கம் போகக் கூடாது. இவையெல்லாம் தொல்லைகள். உயிருக்கே ஆபத்தானவை இரண்டு உண்டு. மரத்துக்குப் பூசிய ஆளிவிதை எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும்; வெளியே விரித்து முழுக்கக் காயவைக்க வேண்டும், அல்லது தண்ணீர் நிரம்பிய உலோக டப்பாவில் போட்டு மூட வேண்டும். பெரிய பாத்திரத்துக்காகப் புரொப்பேன் அடுப்பு வாங்கினால் அதைக் கராஜிலோ அடித்தளத்திலோ எரிக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. வாடகை வீடு என்பதால், ஒப்பந்தத்தில் புரொப்பேனைப் பற்றிய வரி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்கு இப்படி அமையும். சைக்கிள் வார நாட்களை எடுத்துக்கொள்கிறது, அதன் பராமரிப்பு வாரம் ஒரு பத்து நிமிடம். மால்ட் பொடியில் காய்ச்சும் நாள், கழுவுவது உட்பட, நான்கு ஐந்து மணி நேரம்; இரண்டு வாரம் கழித்துப் பாட்டிலில் அடைக்க இரண்டு மூன்று மணி நேரம்; பிறகு இரண்டு வாரம் காத்திருப்பு. ஆக மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமையின் பாதி. மீதி வார இறுதிகளில் மரவேலை. ஆனால் மூன்றையும் ஒரே மாதத்தில் தொடங்கக் கூடாது. செப்டம்பருக்குள் சைக்கிளும் மட்கார்டும் விளக்கும் வாங்கி, வெயில் இருக்கும்போதே வழியையும் பிரேக்கையும் பழகிவிடுங்கள். முதல் மழையில் செயினைத் துடைக்கும் பழக்கம் ஊன்றியபின், அடித்தளம் குளிர்ந்துவிடும் நவம்பரில் முதல் பீரைக் காய்ச்சலாம். டிசம்பர் கடைசியில் அது குடிக்கத் தயாராகும். பெட்டி ஜனவரிக்குக் காத்திருக்கட்டும். அதுவரை ஆறு பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கப் பையில் வைத்துக் கொண்டுபோகலாம்.